பெயர் எழுதியவர் ஒருவர், மண்ணைத் தொட்டவர் இன்னொருவர்: பழைய தோட்டப் புத்தகத்தின் முன்னாள் சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

என்னிடம் ஓர் ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகம் இருக்கிறது. இந்தியச் சமவெளியில் காய்கறியும் பூவும் பயிரிட வெள்ளைக்காரர் காலத்தில் எழுதிய கையேடு. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கினேன். காலிபிளவருக்கு அக்டோபரில் நாற்றுப் பாவ வேண்டும் என்று அச்சாகியிருக்கும் வரிக்கு எதிரே, பென்சிலில், பொடி எழுத்தில் இப்படி இருக்கிறது: "ஐப்பசியில போட்டா அம்புட்டும் அழுகிப்போகும். கார்த்திகை கழியட்டும்."

முதல் தாளில் ஓர் ஆணின் பெயர், பேனா மையில், சுழித்த ஆங்கிலக் கையெழுத்தில். அந்தக் கையும் இந்தப் பென்சில் கையும் ஒன்றில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. பென்சில் யாருடையது என்று தெரிந்துகொள்ள ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

கதைப் புத்தகத்தைப் படித்து முடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். தோட்டப் புத்தகம் அப்படியில்லை. அது பாத்திக்கு வரும், ஈரக் கை படும், விதைக் கணக்கும் மழைக் கணக்கும் ஓரத்தில் ஏறும். அதனால் அதன் சொந்தக்காரர்களைத் தேடுகிறவர் முதல் தாளிலுள்ள பெயரோடு நின்றுவிடக் கூடாது. பெயர் எழுதியவர் காசு கொடுத்தவர், அவ்வளவுதான்.

முதல் வேலை கடையிலேயே

புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி விலை இல்லை, எங்கிருந்து வந்தது என்பது. ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டால் கடைக்காரருக்கு நினைவிருக்காது. நூறு கட்டு வந்து போயிருக்கும்.

"அண்ணாச்சி, இந்தக் கட்டு எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?"

"மேற்க, அம்பை ரோட்டுப் பக்கம் தம்பி. வீட்ட இடிக்காவ. மச்சுல கெடந்ததப் பூரா எடைக்குப் போட்டுட்டாவ."

இந்த இரண்டு வரிதான் பின்னால் எனக்குக் கிடைத்த எல்லாவற்றுக்கும் வேர். கேட்டதை அங்கேயே தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அதே கட்டில் இருந்த மற்றதையும் பாருங்கள். பள்ளிக்கூட நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பழைய பஞ்சாங்கம், தீர்வை ரசீது எது கிடந்தாலும் சேர்த்து வாங்கிவிடுங்கள். எடைக்குப் போட்டால் இருபது முப்பது ரூபாய்தான் கூடும். புத்தகத்தில் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கலாம். முழுப் பெயர் அந்தத் தீர்வை ரசீதில் இருக்கும். நான் அன்று பஞ்சாங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சாக்கு நோட்டுகளை விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது லாரி ஏறிவிட்டிருந்தது. இன்றைக்கும் அந்தச் சாக்கு மனசில் நிற்கிறது.

துடைக்காதீர்கள்

வீட்டுக்கு வந்ததும் தூசி தட்டி, ஈரத் துணியால் அட்டையைத் துடைத்து, வெயிலில் காய வைக்கத்தான் யாருக்கும் கை வரும். மூன்றையும் செய்ய வேண்டாம். இதற்கு முன்னால் வாங்கிய ஒரு புத்தகத்தில், உள்ளட்டையில் ஒட்டியிருந்த சீட்டுக்கு அடியில் இன்னொரு பெயர் நிழலாகத் தெரிந்தது. ஆசைப்பட்டு ஈரப் பஞ்சை வைத்து உரித்தேன். சீட்டு கூழாகிப் போனது. அடியில் இருந்த பெயர் காப்பியிங் பென்சிலில் எழுதியது. அந்தப் பென்சில் ஈரம் பட்டால் ஊதா மையாகக் கரைந்துவிடும். பெயர் இருந்த இடத்தில் ஓர் ஊதாக் கறை மட்டும் நின்றது. அந்தப் புத்தகத்தின் கதை என் கையாலேயே முடிந்துபோனது.

ஆகவே முதலில் படம். அட்டை, முதுகு, மூன்று ஓரம், உள்ளட்டைகள், பிறகு குறிப்புள்ள ஒவ்வொரு பக்கமும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளின் ஓரத்தில் படுக்க வைத்து, வெளிச்சம் தாள்மேல் தவழ்கிற மாதிரி ஒரு படம். ரப்பரால் அழித்த பென்சில் எழுத்தின் பள்ளம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும். பழைய கருநீல மை இரும்புச் சத்துள்ளது. வயதாக ஆகப் பழுப்பாகி மங்கும். கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடித்தால் தாள் ஒளிரும், மை இருண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வருஷத்தை நான் அப்படித்தான் படித்தேன்.

பக்கங்களுக்கு இடையில் எது கிடந்தாலும், எந்தப் பக்கத்தில் கிடந்தது என்று எழுதிய பிறகுதான் எடுக்க வேண்டும். இலையோ சீட்டோ தன்னுடைய பக்கத்தை இழந்துவிட்டால் பாதிச் சாட்சி போய்விடும்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளிலும் நூலகங்களிலும் கரையானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் பூச்சிமருந்துப் பொடி தூவுவது வழக்கமாக இருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு திறவுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் அச்சான, பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை போட்ட ஐரோப்பியப் புத்தகமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் காலப் பச்சைச் சாயம் சிலவற்றில் ஆர்சனிக் உண்டு. அதைத் தனி உறையில் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தண்ணீர்க் கறையையும் படிக்கலாம். ஓட்டு வீட்டு ஒழுக்கு என்றால் கறை மேலிருந்து கீழே கூம்பாக இறங்கியிருக்கும். வெள்ளம் புகுந்த வீடு என்றால் நின்ற வாக்கில் வைத்த புத்தகத்தின் கீழ்ப்பக்கம் முழுக்க ஒரே மட்டத்தில் கோடு போட்டிருக்கும். தையல் இடுக்கில் வண்டல் ஒட்டியிருக்கும். தாமிரபரணிக் கரையில் 1992 நவம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்த புத்தகங்கள் நிறைய. 2023-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதற்குப் பிறகு பழைய பேப்பர் கடைகளுக்கு வந்த கட்டுகளில் அந்தக் கோடு அடிக்கடி கண்ணில் படுகிறது.

காலத்தை நெருக்குவது

அச்சான வருஷம் ஒரு பக்கத்து எல்லை. வாங்கிய வருஷம், கை மாறிய வருஷம் வேறு. அதற்கு எழுத்துகளும் சீட்டுகளும் பேசும். நான் பயன்படுத்துகிற அடையாளங்களைச் சொல்கிறேன்.

விலை "4-8-0" என்று இருந்தால் நாலு ரூபாய் எட்டணா. 1957 ஏப்ரலுக்கு முந்திய புழக்கம். "நயா பைசா" என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். சென்னை ராஜ்யம் என்றிருந்தால் 1969-க்கு முன். அந்த வருஷப் பொங்கலன்றுதான் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. ஐ.எஸ்.பி.என். என்ற புத்தகப் பதிவெண் 13 இலக்கம் என்றால் 2007-க்குப் பின். விதையை வீசை, பலம் என்று நிறுத்திருந்தால் பெரும்பாலும் 1960-களின் தொடக்கத்தோடு நிற்கும், ஆனால் வயசானவர்கள் அதற்கப்புறமும் வீசையில்தான் பேசினார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நம் ஊருக்கென்றே ஒரு அருமையான அடையாளம் உண்டு. 1986-இல் மாவட்டம் பிரிந்தபோது திருநெல்வேலி "நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்" ஆனது, தூத்துக்குடிப் பக்கம் "சிதம்பரனார் மாவட்டம்" ஆனது. 1997-இல் இரண்டு பெயரும் போய்விட்டன. அந்தப் பெயர் கொண்ட ரப்பர் ஸ்டாம்பு இருந்தால் பதினோரு வருஷத்துக்குள் ஆளைப் பிடித்துவிடலாம். பாளையங்கோட்டையை ஆங்கிலத்தில் "பாளம்கோட்டா" என்று எழுதியிருந்தால் வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். "தின்னவேலி" என்றாலும் அப்படித்தான். தென்காசி மாவட்டம் என்று கண்டால் 2019-க்குப் பின்.

பயிர்ப் பெயர்களும் தேதி சொல்லும். ஐ.ஆர்.8 நெல் 1966-இல் வெளிவந்தது. ஓரத்தில் அந்தப் பெயர் இருந்தால் அதற்கு முன் எழுதியிருக்க முடியாது. "அம்பை 16" என்ற நெல் ரகப் பெயர் இருந்தால் 1980-களோ அதற்குப் பின்னோ.

கைகளைப் பிரிப்பது

ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதல் கை, இரண்டாம் கை என்று மட்டும் பெயர் வையுங்கள். பெயரை இப்போதே சூட்டினால் பிறகு கண் அதையே தேடும்.

தமிழ் எழுத்தில் உறுதியான தடயம் 'லை', 'னை', 'ணை', 'றா', 'னா'. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் படித்தவர்கள் 'லை'யை யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்துத்தான் எழுதுவார்கள். பிறகு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு அந்தச் சுழி வராது. ஆனால் ஒரு எச்சரிக்கை: பழைய சுழி போட்டவர் 2000-த்திலும் அப்படியே எழுதியிருப்பார். சுழி சொல்வது அவர் படித்த காலத்தை. எழுதிய காலத்தை இல்லை.

என் புத்தகத்தில் நான்கு கைகள். முதல் கை ஆங்கிலம், பழுப்பேறிய மை, "பாளம்கோட்டா, 1931". ஒரு கையெழுத்து, ரோஜா அத்தியாயத்தில் இரண்டு அடிக்கோடு, அவ்வளவுதான். இரண்டாம் கை தமிழ், பேனா. பெயரும் தேதியும் விதை வாங்கிய செலவும். மூன்றாம் கை பால்பாயிண்ட், தும்பிக்கை இல்லாத 'லை'. நான்காவதுதான் பென்சில். அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் பென்சில். மற்ற மூவரையும் சேர்த்தால்கூட அதில் கால்வாசி தேறாது. பெயர் எங்கும் இல்லை.

தமிழ்த் தேதியைக் கணக்குப் போடுவது

இரண்டாம் கையின் தேதி இது: "சித்திரபானு வருஷம், கொல்லம் 1118, ஐப்பசி". வடக்கே படிக்கிறவர்களுக்குக் கொல்லம் ஆண்டு விசித்திரமாகத் தோன்றும். திருநெல்வேலிச் சீமையில் பத்திரங்களும் கணக்குகளும் கொல்லத்தில் ஓடியது பழைய வழக்கம். நம் பக்கம் கொல்லம் ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழி நடுப்பாகம் வரைக்கும் 824-ஐக் கூட்டுங்கள். ஆங்கில வருஷம் பிறந்த பிறகு ஆடி வரைக்கும் 825. ஆக 1118 ஐப்பசி என்றால் 1942 அக்டோபர், நவம்பர்.

சரிதானா என்று பார்க்க அறுபது வருஷச் சுற்று இருக்கிறது. சித்திரபானு 1942 ஏப்ரலில் பிறந்தது. அடுத்து வந்தது 2002-இல். இரண்டு கணக்கும் ஒன்றில் வந்து நின்றால் தேதி உறுதி. வருஷப் பெயர் மட்டும் இருந்து கொல்லம் இல்லாவிட்டால் அறுபது வருஷத் தடுமாற்றம் உண்டு. அப்போது மையும் தாளும்தான் தீர்க்க வேண்டும்.

தேதி கிடைத்தவுடன் அந்த வருஷம் ஊரில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்த வருஷமே உணவு உற்பத்தியைப் பெருக்கச் சொல்லி அரசாங்கம் இயக்கம் தொடங்கியது. பதினோரு வருஷம் ரோஜாவுக்காக ஒருவர் வீட்டில் கிடந்த புத்தகம், அரிசித் தட்டுப்பாட்டில் காய்கறிக்காகக் கை மாறியிருக்கிறது. இரண்டாம் கையின் செலவுக் கணக்கில் பூவிதை ஒன்றுகூட இல்லை.

மண்ணும் தண்ணியும் சொல்லும் ஊர்

இந்த இடத்தில் நிதானமாக உட்காருங்கள். ஊர்ப் பெயரே இல்லாத குறிப்பிலும் ஊர் இருக்கும், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் யாரும் தோட்டக் குறிப்பு எழுதியதில்லை.

இந்த மாதிரிக் கையேடுகள் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை நம்பி எழுதியவை. ஜூனில் மழை, அக்டோபரில் வானம் தெளிவு, குளிர் தொடங்குமுன் விதை. நமக்கோ ஐப்பசி கார்த்திகையில்தான் அடைமழை. அச்சடித்த மாதத்துக்கு எதிரே யாராவது சண்டை போட்டிருந்தால் அவர் வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில் நிஜமாகவே விதைத்துப் பார்த்தவர். "அம்புட்டும் அழுகிப்போகும்" என்ற வரி ஒரு வருஷ நாற்றை இழந்தவர் எழுதிய வரி.

அதே மாவட்டத்துக்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஆனி, ஆடியில் "சாரல்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தால் தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம். மலையிடுக்கு வழியாகத் தென்மேற்குச் சாரல் அங்கே விழும், பாளையங்கோட்டைக்கு வெறும் காற்று மட்டும் வந்து சேரும். சாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான் பக்கங்களில் குறிப்பு நெருக்கமாக இருந்தாலும் மேற்கே பாருங்கள். குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியே வாசனைப்பயிர்த் தோட்டம் வைத்த வரலாறு உண்டு. "தேரி மணல்" என்றால் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரச் செம்மணல். "கரிசல்", நிலத்தை அளக்கும் "குறுக்கம்" என்றால் வடக்கே கோவில்பட்டிப் பக்கம். நிலத்தை விதைக்கும் நெல்லின் அளவால் "கோட்டை விதைப்பாடு" என்று சொன்னால் நஞ்சைக்காரர். கார், பிசானம் என்று இரண்டு பூவும் (இரண்டு நெல் போகமும்) எழுதியிருந்தால் ஆற்றுப் பாசனம்.

ஆற்றுப் பாசனம் என்று தெரிந்துவிட்டால் கால்வாயின் பெயரைத் தேடுங்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் பிரியும் கால்வாய்க்குத் தனிப் பெயர். கன்னடியன் என்றால் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வரைக்கும். கோடகன் என்றால் அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து. பாளையங்கால்வாய் என்றால் பழவூர் அணைக்கட்டிலிருந்து மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழி. திருநெல்வேலிக் கால்வாய் சுத்தமல்லியிலிருந்து டவுன் பக்கம். ஒரு கால்வாய்ப் பெயர் கிடைத்தால் மாவட்டம் முழுக்கத் தேட வேண்டியது பத்து இருபது ஊராகச் சுருங்கிவிடும்.

என் பென்சில் கை ஒரே ஒரு இடத்தில் எழுதியிருந்தது: "கன்னடியன் அடைச்சாச்சு. இனி கெணத்துத் தண்ணிதான். அவரைக்கு ஒரு நேரம் போதும்." தண்ணீர் அடைக்கிற காலம் பிசான அறுப்பை ஒட்டி வரும், அதற்குப் பின் கோடை. கடைக்காரர் சொன்ன அம்பை ரோடும் இந்தக் கன்னடியனும் ஒன்றில் வந்து சேர்ந்தன.

காய்களுக்கும் பூக்களுக்கும் வழங்கிய பெயரும் உதவும். கொத்தவரங்காயைச் சீனியவரைக்காய் என்றும், சாமந்தி போலிருக்கும் அந்த மஞ்சள் பூவைக் கேந்தி என்றும், சிறுகிழங்கைத் தனியாகக் கிழங்கு என்றே சொல்லியும் எழுதியவர் நம் தெற்கத்தி ஆள்தான். பென்சில் கை, புத்தகத்தின் உருளைக்கிழங்கு அத்தியாயத்தையே மறித்து, மேலே "சிறுகெழங்கு" என்று எழுதி, ஆடியில் கொடி நடுவதையும் தை மாசப் பொங்கலுக்குத் தோண்டுவதையும் குறித்திருக்கிறது. ஓர் அந்நிய அத்தியாயத்தை நம் கிழங்குக்கு ஏற்றபடி மாற்றி எழுதிய பக்கம் அது. புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த பக்கமும் அதுதான்.

இடையில் கிடந்தவை

பஸ் டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று அச்சாகியிருந்தால் 1974-க்கும் 1997-க்கும் இடைப்பட்டது. இன்லண்ட் லெட்டர் என்றால் 1950-க்குப் பின்; தபால் முத்திரையில் ஊரும் நாளும் இருக்கும். விதைக் கம்பெனியின் வி.பி.பி. சீட்டு (தபாலில் பொருளை வாங்கும்போது காசு கட்டுகிற முறை) கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை: யாருக்கு, எந்தத் தபாலாபீஸ் வழி, எவ்வளவு காசுக்கு என்று எல்லாம் அதில் இருக்கும்.

காய்ந்த இலையை விரலால் எடுக்க வேண்டாம். அடியில் ஒரு தாளை நுழைத்து, தாளோடு தூக்குங்கள். தெரியாத இலையாக இருந்தால் கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி போன்ற இடங்களில் உலர்தாவரத் தொகுப்பு வைத்திருக்கிறார்கள். என் புத்தகத்தில் கட்டபொம்மன் டிக்கெட் ஒன்றும் நிலாவாரை இலை ஒன்றும் ஒரே பக்கத்தில் கிடந்தன. நிலாவாரை நம் மானாவாரிப் பயிர்; உலக மருந்துச் சந்தையில் திருநெல்வேலிப் பெயரோடே விற்கிற சரக்கு. டிக்கெட்டின் காலம் மூன்றாம் கையோடு ஒத்துப்போகிறது. அப்படியானால் மூன்றாம் கை புன்செய்க் காட்டுக்காரர் என்று சொல்லிவிடலாமா? கூடாது. நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய இலையாகவும் இருக்கலாம். ஒரு சாட்சியை வைத்து ஆளை முடிவுசெய்யாமல் இருப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி.

முத்திரை இருந்தால்

முதுகில் 635 என்ற எண் இருந்தால், டூயி என்ற நூலக வகைப்பாட்டு முறைப்படி தோட்டக்கலை. அப்படியானால் புத்தகம் ஒரு நூலகத்தில் இருந்திருக்கிறது. 'ஜே' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் ரங்கநாதனின் கோலன் முறையில் வேளாண்மை. உள்ளே இருக்கும் சேர்க்கை எண்ணை எடுத்துக்கொண்டு அந்த நூலகத்தில் கேட்டால், சேர்க்கைப் பதிவேட்டில் வாங்கிய தேதியோ நன்கொடை கொடுத்தவர் பெயரோ இருக்கும். நீக்கம் செய்த முத்திரை இல்லாவிட்டால் புத்தகம் இன்னும் அவர்களுடையதாக இருக்கலாம். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கேட்டால் திருப்பிக் கொடுங்கள்.

மிஷன் முத்திரைகளில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலேய மிஷன் சங்கங்களின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1947-க்கு முன். தென்னிந்தியத் திருச்சபை அந்த வருஷம் செப்டம்பரில்தான் உருவானது. பள்ளிப் பரிசுச் சீட்டு ஒட்டியிருந்தால் பெயர், வகுப்பு, வருஷம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஊருக்குப் போவது

காகிதம் சொல்வதெல்லாம் முடிந்த பிறகுதான் ஊருக்குப் போக வேண்டும். வெறும் பெயரோடு போனால் அந்தப் பெயரில் நாலு பேர் இருப்பார்கள், ஏனென்றால் பேரனுக்குத் தாத்தா பெயர்தான். தேதி, கால்வாய், எந்த வளவு, என்ன தொழில் என்று கையில் இருந்தால் தபால்காரரோ, கோயில் கணக்கு பார்த்தவரோ, ஓய்வுபெற்ற சார்வாள் யாராவதோ சொல்லிவிடுவார்கள். கிறிஸ்தவக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் சபையில் இருக்கும். வீடு, நிலம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம்; ஆனால் ஒரு புத்தகத்துக்காக ஒரு குடும்பத்தின் சொத்து விவரத்தைத் தோண்டுவது எனக்குச் சம்மதமில்லை, நான் போடவில்லை.

வாசலில் போய் நின்றதும் புத்தகத்தை நீட்டாதீர்கள். சொத்துத் தகராறு, பழைய கடன், இடித்த வீடு என்று அந்தக் குடும்பத்துக்கு ஆயிரம் இருக்கும். யார், எதற்கு வந்தோம், காசு எதுவும் வேண்டியதில்லை என்று முதலில் சொல்லுங்கள். அசலைக் கொண்டுபோவதைவிடப் பெரிதாக்கிய பிரிண்ட் நல்லது. வயசானவர்கள் கண்ணுக்கும் தெரியும்.

கன்னடியன் பாசனத்தில் ஒரு ஊர். பெயரைச் சொல்லவில்லை, அந்தக் குடும்பம் வேண்டாம் என்றது. தார்சாவில் எண்பது தாண்டிய ஆச்சி உட்கார்ந்திருந்தாள். அதற்குள் பென்சில் கையைப் பற்றி எனக்கு ஒரே ஒரு துப்பு இருந்தது: வெள்ளரிப் பக்கத்தில் "அத்தான் வந்ததும் கேக்கணும், வெதை எந்தக் கடைன்னு". அத்தான் என்று மனைவியும் சொல்லுவாள், கொழுந்தியாளும் சொல்லுவாள், மாமன் மகனும் சொல்லுவான். அதனால் பெண் என்று நான் எழுதி வைக்கவில்லை. சிறுகிழங்குப் பக்கத்தின் பிரிண்டை ஆச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"இது எங்க அத்தை எழுத்துல்லா. மளிகைச் சிட்டைய இப்படித்தான் எழுதுவாவ, வரி மேல ஏறிக்கிட்டே போகும்."

இரண்டாம் கை ஆச்சியின் மாமனார். புத்தகத்தை வாங்கியவர், பெயர் எழுதியவர். அவருக்குத் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றாள் ஆச்சி. சாயங்காலம் புறவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இங்கிலீஷை வாசித்துத் தமிழில் சொல்லுவாராம், அத்தை கேட்டுக்கொண்டு பாத்தி பிடிப்பாளாம். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. வாசித்ததைக் கேட்டு, செய்து பார்த்து, தப்பென்று கண்டதை அந்தந்த வரிக்கு எதிரிலேயே தமிழில் எழுதியிருக்கிறாள். எந்த வரி எது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மாமா விரலை வைத்துக் காட்டுவார் என்றாள். அச்சு வரிகளின் ஓரத்தில் மங்கலான விரல் அழுக்கு இருப்பதை நான் அதுவரைக்கும் வெறும் கறை என்றுதான் நோட்டில் எழுதியிருந்தேன்.

கண்டதை எழுதி வைப்பது

புத்தகத்தில் எதையும் புதிதாக எழுத வேண்டாம். அமிலமில்லாத ஒரு தாளில், பென்சிலில், எங்கே எப்போது வாங்கினது, ஒவ்வொரு கையும் எந்தெந்தப் பக்கம், எது உறுதி, எது ஊகம், யார் சொன்னது என்று தனித்தனியாக எழுதி, பின்னட்டைக்குள் தளர்வாக வையுங்கள். ஸ்டேப்ளர், குண்டூசி, செல்லோடேப் மூன்றும் துருவும் பசையுமாகத் தாளைத் தின்றுவிடும். உயிரோடு இருக்கிறவர்கள் பெயர், முகவரி இந்தத் தாளில் இருக்கலாம். இணையத்தில் போட வேண்டாம். படங்களின் ஒரு பிரதியைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ஆச்சி வீட்டில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். புத்தகம் வேண்டாம், அந்தக் கிழங்குப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கொடு என்றார்கள். கொடுத்தேன்.

என் தாளில் முதல் கைக்கு எதிரே, முதல் தாளிலுள்ள பெயரோடு "பாளையங்கோட்டை, 1931, ரோஜா" என்று மட்டும் இருக்கிறது. நான்காம் கைக்கு அத்தையின் பெயரை எழுதிவிட்டேன். மூன்றாம் கை இன்னும் காலி. புத்தகம் அந்த வீட்டு மச்சிலிருந்துதான் வந்தது, ஆனால் பால்பாயிண்டில் எழுதியவரை ஆச்சிக்கும் தெரியவில்லை. இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்தவராக இருக்கலாம். அவர் எழுதியது மொத்தம் மூன்று வரி, மூன்றும் எலுமிச்சைப் பதியத்தைப் பற்றி. அந்த டிக்கெட்டில் ஏறிய இடத்தின் எண் ஒன்று துளையிட்டிருக்கிறது; பழைய கண்டக்டர்கள் யாராவது அந்த ரூட்டின் ஸ்டேஜ் எண்களை நினைவில் வைத்திருக்கிறார்களா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.